ஹைதிக்கு 495 டாலர், பாகிஸ்தானுக்கு 3 டாலர்: உலகின் இரக்கம் எப்படிப் பங்கிடப்படுகிறது?

2010 ஜனவரி 12 அன்று மாலை ஹைதியில் நிலம் அதிர்ந்தது. அரை நிமிடத்தில் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி இடிபாடாகிவிட்டது. அடுத்த பத்து நாள்களில் உலக நாடுகள் ஒதுக்கிய நிவாரணப் பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 495 டாலர் வந்தது. அதே ஆண்டு ஜூலை இறுதியில் பாகிஸ்தானில் பெருவெள்ளம் தொடங்கியது. சிந்து நதி வடக்கே கைபர் பக்துன்க்வா மலையடிவாரத்திலிருந்து தெற்கே சிந்து மாகாணம் வரை வாரக்கணக்கில் ஊர் ஊராக மூழ்கடித்துக்கொண்டே இறங்கியது. கடைசியில் நாட்டின் ஐந்தில் ஒரு பங்கும் இரண்டு கோடி மக்களும் அதில் சிக்கினார்கள். அங்கே முதல் பத்து நாள்களில் கிடைத்தது, அதுவரை பாதிக்கப்பட்டிருந்தவர்களின் கணக்கில் தலைக்கு 3 டாலர் 20 சென்ட். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு அப்போது வெளியிட்ட கணக்கு இது.

இது அரசுகளின் பணம். பொதுமக்கள் என்ன கொடுத்தார்கள் என்று பார்ப்பதற்கு பிரிட்டன் வசதியான இடம். அங்கே டி.இ.சி. எனப்படும் பேரிடர் அவசரக் குழு 1963 முதல் இயங்கிவருகிறது. ஆக்ஸ்ஃபாம், செஞ்சிலுவைச் சங்கம், சேவ் த சில்ட்ரன், இஸ்லாமிக் ரிலீஃப் போன்ற பெரிய தொண்டு நிறுவனங்கள், எங்காவது பெரும் பேரிடர் நேர்ந்தால் இதன் பெயரில் ஒன்றுசேர்ந்து தொலைக்காட்சியிலும் வானொலியிலும் நிதி கேட்கும். கேட்கும் அமைப்பும் ஒன்று, கொடுக்கும் மக்களும் அதே மக்கள் என்பதால் ஒரு பேரிடரின் வசூலை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க முடிகிறது.

2004 டிசம்பர் சுனாமிக்கு வந்தது 39.2 கோடி பவுண்டு. அடுத்த ஆண்டு அக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கத்தில் பாகிஸ்தான் பகுதியில் மட்டும் 73,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முப்பது லட்சம் பேர் வீடில்லாமல் இமயமலைக் குளிரை எதிர்கொண்டார்கள். அதற்கு வந்தது 5.9 கோடி. 2008 மே மாதம் மியான்மரை நர்கிஸ் புயல் தாக்கியது. இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் சேர்ந்து 1.38 லட்சம் பேர். வசூல் 2 கோடியை எட்டவில்லை. அதே ஆண்டு காங்கோவில் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கேட்டபோது கிடைத்தது 1.05 கோடி. ஹைதிக்கு 10.7 கோடி, பாகிஸ்தான் வெள்ளத்துக்கு 7.1 கோடி. 2022இல் உக்ரைனுக்கு 40 கோடிக்கு மேல்.

இறந்தவர்களின் எண்ணிக்கையையும் வீடிழந்தவர்களின் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து இந்த ஏற்றத்தாழ்வை முழுதாக விளக்க முடியாது. தூரத்தாலும் முடியாது: லண்டனிலிருந்து பார்த்தால் இஸ்லாமாபாத்தைவிட போர்ட்-ஓ-பிரின்ஸ்தான் தொலைவு.

இந்தக் கேள்விக்குச் சட்டென்று வரும் பதில்கள் இரண்டு. ஒன்று, இனப் பாகுபாடு. மற்றது, கொடுத்துக் கொடுத்து வரும் சலிப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. உக்ரைனுக்குக் கதவைத் திறந்த ஐரோப்பா, சூடானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்தவர்களுக்கு எப்படி நடந்துகொண்டது என்பதை எல்லோரும் பார்த்தோம். ஆனால் சுனாமியில் இறந்தவர்கள் பெரும்பாலும் ஆசியர்கள், ஹைதியில் இறந்தவர்கள் கறுப்பினத்தவர். இருவருக்கும் பணம் வெள்ளமாக வந்தது. சலிப்பு என்றால், உக்ரைனுக்கு அள்ளிக் கொடுத்த அதே பிரிட்டன் மக்கள் ஓராண்டுக்குள், 2023 பிப்ரவரியில், துருக்கி-சிரியா நிலநடுக்கத்துக்கு 15 கோடி பவுண்டு கொடுத்ததை என்ன சொல்வது?

துன்பம் எவ்வளவு பெரிது என்பதைவிட, அது எந்த வடிவில் நம் வீட்டுக்குள் வந்து சேர்கிறது என்பதுதான் கொடையைத் தீர்மானிக்கிறது என்பது என் முடிவு. இதற்காகக் கொடுப்பவர்களின் மனத்தைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. கொடுப்பவருக்கு என்ன காட்டப்பட்டது, எப்போது காட்டப்பட்டது, கொடுக்க என்ன வழி இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சுனாமிக்கு மட்டும் ஏன் அவ்வளவு?

டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மேற்கு நாடுகளில் குடும்பமே வீட்டில், தொலைக்காட்சி முன்னால். அரசியல் செய்திகள் ஓய்ந்திருக்கும் வாரம். ஆண்டு முடிவதற்குள் நன்கொடை கொடுத்து வரிச்சலுகை பெறும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு என்பதால், கொடை உச்சத்தில் இருக்கும் வாரமும் அதுதான். அது போதாதென்று, 2005 ஜனவரியில் சுனாமிக்காகக் கொடுத்ததையும் 2004ஆம் ஆண்டுக் கணக்கில் காட்டலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் ஜனவரி முதல் வாரத்திலேயே தனிச் சட்டம் நிறைவேற்றியது.

தாய்லாந்துக் கடற்கரையில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த ஐரோப்பியர்களும் அலையில் சிக்கினார்கள். சுவீடன் மட்டும் 543 பேரை இழந்தது. தப்பியவர்கள் கையில் வீடியோ கேமரா இருந்தது. விடுதி மாடியிலிருந்து எடுத்த நடுங்கும் காட்சிகள் அன்றிரவே உலகம் முழுக்க ஓடின. அதற்கு முன்னால் சுனாமி என்ற பெயரையே கேட்டிராதவர்கள் கோடிக்கணக்கானோர். கடல் பின்வாங்கியதும் கரையில் நின்று வேடிக்கை பார்த்த குழந்தைகளை அடுத்த சில நிமிடங்களில் காணவில்லை. இதற்கு யாரைக் குற்றம் சொல்வது? ஆட்சியாளரையா, கிளர்ச்சிக்காரரையா? நாகப்பட்டினம் மீனவப் பெண் செய்த தவறு என்ன?

பதினான்கு நாடுகளில் சுமார் 2.3 லட்சம் பேர் இறந்தார்கள். உலகம் திரட்டிய தொகை ஏறக்குறைய 1,400 கோடி டாலர். அதில் 500 கோடிக்கு மேல் தனிமனிதர்களும் நிறுவனங்களும் கொடுத்தது. பல உதவி அமைப்புகள் சேர்ந்து பின்னர் நடத்திய மதிப்பீட்டின்படி, பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலருக்கு மேல் வந்தது. அதே 2004ஆம் ஆண்டு, சில மாதங்களுக்கு முன்னால், வங்கதேச வெள்ளத்தில் 3 கோடியே 60 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தலைக்கு 3 டாலர்.

வங்கதேச வெள்ளத்தில் உயிரிழப்பு ஒப்பீட்டளவில் குறைவு. இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. எவாஞ்சலிடிஸ், வான் டென் பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பேரிடர்களுக்கு வரும் கொடை இறந்தவர்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறி இறங்குவதையும், உயிரோடு தவிப்பவர்களின் எண்ணிக்கை அதில் பெரிதாக எடுபடாததையும் காட்டினார்கள். யோசித்தால் வேதனையாக இருக்கிறது. கொடை இறந்தவருக்குப் பயன்படப்போவதில்லை. கூடாரமும் குடிநீரும் விதைநெல்லும் தேவைப்படுவது பிழைத்தவர்களுக்கு. ஆனால் செய்தியின் தலைப்பில் வருவது சாவு எண்ணிக்கை, நம் மனம் பேரிடரை அளப்பதும் அதை வைத்துத்தான். பாகிஸ்தான் வெள்ளத்தில் இறந்தவர்கள் சுமார் 2,000 பேர். ஹைதியில் இறந்தவர்கள் பற்றிய மதிப்பீடுகள் ஒரு லட்சத்தில் தொடங்கி மூன்று லட்சம் வரை போகின்றன. உயிர் தப்பிய இரண்டு கோடிப் பேர், உயிர் தப்பியதாலேயே உலகின் கண்ணுக்குச் சிறியவர்களானார்கள். ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி-மூன் வெள்ளப் பகுதிகளைப் பார்த்துவிட்டு வந்து, இது மெதுவாக நகரும் சுனாமி என்று ஐ.நா. பொதுச்சபையில் சொல்லிப்பார்த்தார். வெள்ளம் என்று சொன்னால் யாருக்கும் உறைக்கவில்லை என்பதால்தான் அவர் சுனாமியின் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாத்திரம் அறிந்து பிச்சை

2010இல் பாகிஸ்தானுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில், வெள்ளம் ஊர்களை விழுங்கிக்கொண்டிருந்தபோது, அதிபர் ஆசிப் அலி சர்தாரி பிரான்சிலும் பிரிட்டனிலும் சுற்றுப்பயணத்தில் இருந்தார். ஐரோப்பியப் பத்திரிகைகளில் பாகிஸ்தான் என்றாலே தாலிபான், குண்டுவெடிப்பு, ஊழல். கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகுமோ என்ற தயக்கம் வந்தது. பாத்திரம் அறிந்து பிச்சையிடச் சொல்லும் நம் பழமொழி உலகெங்கும் மனித மனத்தில் வேலை செய்கிறது. ஆனால் பாத்திரம் என்று இங்கே பார்க்கப்பட்டது சிந்து மாகாணத்துக் கூலி விவசாயியை அல்ல, அவனை ஆள்பவர்களை.

ஹன்னா ஸாகெஃப்கா என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வுகள் இதை விளக்குகின்றன. ஒரே அளவு துன்பத்தை, இயற்கையால் வந்தது என்று சிலரிடமும் மனிதரால் வந்தது என்று வேறு சிலரிடமும் சொன்னபோது, இயற்கைப் பேரிடர் என்று கேட்டவர்களே அதிகம் கொடுக்க முன்வந்தார்கள். மனிதர் செய்த அழிவு என்றதும், பாதிக்கப்பட்டவர்களுக்கும் அதில் ஏதோ பங்கு இருக்கும், அவர்கள் தங்களுக்காகப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்ற எண்ணம் உள்ளே புகுந்துவிடுகிறது. சூடானின் டார்ஃபூர், காங்கோ, ஏமன் என்று போர்களுக்காகக் கேட்கும் நிதி மெலிவாகவே வருவதற்கு இது பெரிய காரணம். 2007இல் டார்ஃபூருக்கும் சாடுக்கும் சேர்த்து டி.இ.சி. திரட்ட முடிந்தது 1.36 கோடி பவுண்டுதான்.

உக்ரைன் இதற்கு நேர் எதிராக நிற்பது போலத் தெரியும். அதுவும் மனிதர் செய்த அழிவுதானே? என் பார்வையில், மக்கள் பார்ப்பது போரா இயற்கையா என்பதை அல்ல; யார் நிரபராதி என்பது ஒரே பார்வையில் புரிகிறதா என்பதை. உக்ரைனில் எல்லை தாண்டி வந்த படை ஒன்று, அதை எதிர்த்து நின்ற நாடு ஒன்று. குழந்தையைக் கையில் பிடித்தபடி போலந்து எல்லையில் வரிசையில் நின்ற தாய்மாரின் படங்கள் முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருந்தன. கேமராக்கள் தாராளமாக உள்ளே போக முடிந்தது. சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். துணைப்படைக்கும் இடையே மூண்ட போர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை இடம்பெயர வைத்துவிட்டது. டார்ஃபூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அங்கே சண்டையிடும் இரு தளபதிகளில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் பதில் கிடையாது. பதில் கிடையாது என்பதற்காக, ஸம்ஸமில் பட்டினி கிடந்த பெண் எந்த விதத்தில் நிரபராதி இல்லாமல் போகிறாள்?

இதே விஷயத்தை ஈழத் தமிழர்கள் ஒரே கரையில் இரண்டு முறை பார்த்தார்கள். 2004இல் முல்லைத்தீவைச் சுனாமி துடைத்தெடுத்துப் போனபோது, தமிழரைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஐரோப்பியப் பள்ளிக் குழந்தைகள்கூட உண்டியல் உடைத்துக் கொடுத்தார்கள். 2009இல் அதே மாவட்டத்தில், கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே முள்ளிவாய்க்கால் மணல்திட்டில் லட்சக்கணக்கானோர் குண்டுமழையில் அடைபட்டுக் கிடந்தார்கள். 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. இலங்கை அரசு அதை மறுத்தது. அவர்களுக்காக டி.இ.சி. நிதி கேட்கவில்லை. ஐ.நா. பணியாளர்கள் 2008 செப்டம்பரிலேயே கிளிநொச்சியிலிருந்து வெளியேறியிருந்தார்கள். சுதந்திரமான செய்தியாளர் எவருக்கும் உள்ளே அனுமதி இல்லை. இறந்தவர்கள் அதே கடற்கரையின் அதே மக்கள்தான். கேமரா இல்லை, எதிரி அலையாக இல்லை, புலிகள்-அரசு என்ற சண்டைக்குள் பொதுமக்களின் முகம் மறைந்துபோயிற்று.

அழுத பிள்ளைக்குப் பால்

செய்தி எவ்வளவு பணத்தைக் கொண்டுவருகிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். சுனாமியின்போது அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களுக்கு இணையம் வழியாக வந்த நன்கொடைகளை பிரவுன், மின்டி என்ற இரு பொருளியலாளர்கள் நாள்வாரியாக ஆராய்ந்தார்கள். இரவுச் செய்தியில் சுனாமிக்கு ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு கூடுதல் நிமிடத்துக்கும், சராசரி நாள் வசூலில் 13 சதவீதம் அளவுக்குப் பணம் கூடியது. 700 சொற்கள் கொண்ட ஒரு நாளிதழ்க் கட்டுரை 18 சதவீதம் கூட்டியது. அலை அடித்த வீடுகளில் அந்த ஒரு நிமிடத்தில் எதுவும் மாறிவிடவில்லை.

ஐசென்சே, ஸ்ட்ரோம்பெர்க் இருவரும் 1968 முதல் 2002 வரை நேர்ந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இயற்கைப் பேரிடர்களையும், அவற்றில் எவற்றுக்கு அமெரிக்க அரசு உதவியது என்பதையும் வைத்து ஆராய்ந்தார்கள். ஒலிம்பிக் போட்டிகள் நடக்கும் நாள்களில் நேர்ந்த பேரிடர்களுக்குச் செய்தியில் இடம் கிடைக்கவில்லை. இடம் கிடைக்காததால் உதவி கிடைக்கும் வாய்ப்பும் குறைந்தது. எரிமலை வெடித்து ஒருவர் இறந்தால் தொலைக்காட்சிச் செய்தியில் கிடைக்கும் இடம், உணவுப் பஞ்சத்தில் கிடைக்க வேண்டுமானால் ஏறக்குறைய 40,000 பேர் இறக்க வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எரிமலை கண்ணைப் பறிக்கும் காட்சி. பஞ்சத்தில் காட்ட என்ன இருக்கிறது? வெடித்த நிலமும் மெலிந்த மாடும்தான். நேற்றும் அதுதான், நாளையும் அதுதான்.

அதனால்தான் பஞ்சத்துக்குப் பணம் எப்போதும் பிணங்களுக்குப் பின்னால் வருகிறது. 1984 அக்டோபர் 23 அன்று எத்தியோப்பியாவின் கோரெம் முகாமிலிருந்து மைக்கேல் பியுர்க் பேச, முகமது அமீன் படம்பிடித்த பி.பி.சி. செய்தி ஒளிபரப்பானது. எச்சரிக்கைகள் அதற்கு முன்பே பல மாதங்களாக வந்துகொண்டிருந்தன. அந்தச் சில நிமிடப் படத்துக்குப் பிறகுதான் உலகம் அசைந்தது, பாப் பாடகர்கள் கூடினார்கள், 1985 ஜூலையில் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசைநிகழ்ச்சி நடந்தது. 1943 வங்கப் பஞ்சத்திலும் இதே கதைதான். பஞ்சம் என்று அறிவிக்கவே அரசு மறுத்துவந்த நேரத்தில், கல்கத்தா நடைபாதைகளில் செத்துக்கொண்டிருந்தவர்களின் படங்களை ஆகஸ்ட் 22 அன்று ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் துணிந்து வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

சோமாலியாவில் 2010 ஆகஸ்டிலிருந்தே பஞ்ச முன்னறிவிப்பு மையங்கள் திரும்பத் திரும்ப எச்சரித்தன. மழை பொய்த்தது, மாடுகள் செத்தன, சோளத்தின் விலை ஏறியது, எல்லாம் பதிவாயின. பஞ்சம் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது 2011 ஜூலை 20 அன்று. நிதி குவியத் தொடங்கியதும் அந்த மாதம்தான். மொத்தம் 2.58 லட்சம் பேர் இறந்ததாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அதில் பாதிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அறிவிப்பு வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். பதினோரு மாதம் அழுதும் பால் வரவில்லை.

நிதி கேட்பதற்கான டி.இ.சி.யின் சொந்த விதியிலேயே இந்தச் சிக்கல் உட்கார்ந்திருக்கிறது. அது நிதி கேட்க மூன்று நிபந்தனைகள் உண்டு. பேரிடர் பெரிதாகவும் அவசரமாகவும் இருக்க வேண்டும். உறுப்பு அமைப்புகளால் அங்கே வேலை செய்ய முடிய வேண்டும். மூன்றாவதாக, பொதுமக்களிடம் ஏற்கெனவே போதிய கவனமும் இரக்கமும் இருப்பதற்கான அறிகுறி தெரிய வேண்டும். நிர்வாகக் கண்ணால் பார்த்தால் இது நியாயம். யாரும் கொடுக்காத வேண்டுகோளுக்கு ஒளிபரப்பு நேரத்தை வீணாக்கக் கூடாது. ஆனால் இதன் பொருள், செய்தியில் ஏற்கெனவே இடம்பிடித்த துன்பத்துக்குத்தான் இன்னும் பெரிய ஒலிபெருக்கி கிடைக்கும் என்பது. 2009 ஜனவரியில் காஸாவுக்காக டி.இ.சி. நிதி கேட்டபோது, நடுநிலைமை கெட்டுவிடும் என்று சொல்லி அந்த வேண்டுகோளை ஒளிபரப்ப பி.பி.சி. மறுத்துவிட்டது. ஒலிபெருக்கி யார் கையில் இருக்கிறது என்பதும் கொடையின் அளவை மாற்றும்.

எண் பெரிதானால் மனம் இன்னும் உருகும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது வேறு. ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட பரிசோதனையில், பங்கேற்றவர்களுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் விரும்பியதை நன்கொடையாகப் போடச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு மாலி நாட்டைச் சேர்ந்த ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் படமும் கதையும். இன்னொரு பகுதியினருக்கு ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் வாடும் புள்ளிவிவரம். முதல் குழு சராசரியாக 2.38 டாலர் கொடுத்தது, இரண்டாவது குழு 1.14. மூன்றாவது குழுவுக்குச் சிறுமியின் கதையையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள். இரண்டும் இருந்தால் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டுமே? 1.43 டாலர்தான் கொடுத்தார்கள். பின்னால் லட்சம் பேர் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் ரோகியாவுக்காகத் திறந்த கையே பாதி மூடிக்கொண்டது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்ற எண்ணம் வந்துவிட்டால் பொரியும் வெளியே வராது. 1990களில் செய்த இன்னொரு ஆய்வில், அகதிகள் முகாமில் 4,500 உயிரைக் காப்பாற்றும் திட்டத்தைச் சொன்னார்கள். முகாமில் இருப்பது 11,000 பேர் என்றபோது கிடைத்த ஆதரவு, இரண்டரை லட்சம் பேர் என்றபோது கிடைக்கவில்லை. காப்பாற்றப்போகும் உயிர்கள் இரண்டிலும் அதே 4,500தான்.

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் சிவப்புச் சட்டையோடு முகம் குப்புறக் கிடந்த சிரியக் குழந்தையின் படத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குள் சிரியப் போரில் லட்சக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். சிரிய அகதிகளுக்காக சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிவந்த நிதிக்கு, படம் வருவதற்கு முந்தைய வாரம் ஒரு நாளைக்குச் சராசரியாக நாலாயிரம் டாலர்கூட வரவில்லை. படம் வந்த வாரம் அது 55 மடங்கானது. ஆறு வாரத்துக்குள் பெருமளவு வடிந்தும்விட்டது. இந்தக் கணக்கை வெளியிட்டவர்களில் ரோகியா ஆய்வின் ஸ்லோவிக்கும் ஒருவர். போர் மட்டும் வடியவில்லை.

கொடுக்கும் வழியைப் பற்றி இங்கே அதிகம் பேசுவதில்லை. ஆனால் அதற்கும் பெரிய பங்கு உண்டு. ஹைதிக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 90999 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 10 டாலர் போய்ச் சேரும். செல்பேசிக் கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். இப்படியே 3.2 கோடி டாலர் சேர்ந்தது. மியான்மரில் நர்கிஸ் புயலுக்குப் பிறகு ராணுவ ஆட்சி வெளிநாட்டு உதவிப் பணியாளர்களுக்கு விசா தராமல் இழுத்தடித்தது. நிவாரணப் பொருளோடு வந்த அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் கடலிலேயே காத்துக்கிடந்து திரும்பின. கொடுத்தால் போய்ச் சேராது என்று தெரிந்த இடத்துக்கு யார் கொடுப்பார்கள்? சோமாலியாவில், பணம் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கைக்குப் போனால் வழக்கு வரும் என்ற அமெரிக்கப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களுக்குப் பயந்து தொண்டு நிறுவனங்களே ஒதுங்கின. 2009இல் புலம்பெயர்ந்த தமிழர்கள் சேர்த்து அனுப்பிய 'வணங்காமண்' கப்பல், சுமார் 880 டன் உணவும் மருந்துமாக வந்தபோது போரே முடிந்துவிட்டிருந்தது. இலங்கைக் கடற்படை அதை மறித்துத் திருப்பியது. பொருள்கள் சென்னைத் துறைமுகத்தில் இறக்கப்பட்டு, வேறு கப்பலில் கொழும்பு போய், அங்கேயும் மாதக்கணக்கில் தேங்கின. மனம் இருந்தும் வழி அடைபட்டால் அடுத்த முறை கேட்கும்போது கை தயங்கும்.

அளவுக்கு மீறிக் குவிந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை நாகைக்காரர்கள் அறிவார்கள். சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. சேலையும் வேட்டியும் கட்டும் மக்களுக்கு ஸ்வெட்டரும் கிழிந்த பேன்ட்டும். வாங்க ஆளில்லாமல் அவை சாலையோரங்களில் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து மட்கின. பிறகு ஃபைபர் படகுகள். தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படகு கொடுத்ததில், நம் கரையிலும் இலங்கையிலும் இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் சுனாமிக்கு முன் இருந்ததைவிட அதிகமான படகுகள் கடலில் இறங்கின. மீன் கூடவில்லை. கடலுக்குப் போகாத தலித் கூலிகளும், உப்பளத் தொழிலாளர்களும், தலைச்சுமை மீன் விற்கும் பெண்களும் பல ஊர்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். படகு படத்தில் நன்றாக விழும். கூலி இழப்பு விழாது. தொலைதூரப் பேரிடர்களுக்கு இடையே நடக்கும் அதே பாகுபாடு ஒரே ஊருக்குள்ளும் நடந்தது.

இதை மாற்ற மக்களின் மனத்தைத் திருத்தப் புறப்படுவது வீண் என்று நினைக்கிறேன். ஒரு முகத்தைப் பார்த்துத்தான் மனம் இளகும், அது குறையல்ல. திருத்த வேண்டியது பணம் போகும் பாதையை. சுனாமி அனுபவத்துக்குப் பிறகு ஐ.நா. 2006இல் தொடங்கிய மத்திய அவசர நிதியத்தில், போதிய நிதி வராத நெருக்கடிகளுக்கென்றே தனியாக ஒரு பகுதி ஒதுக்கப்படுகிறது. 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றங்கரையில் பெருவெள்ளம் வரப்போகிறது என்று முன்கணிப்பு எல்லையைத் தொட்டதுமே இதே நிதியம் 52 லட்சம் டாலரை விடுவித்தது. வெள்ளம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே குடும்பங்களின் செல்பேசிக் கணக்கில் வங்கதேசப் பணத்தில் 4,500 டாக்கா ஏறியது. அரிசி வாங்கினார்கள், ஆடுமாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன் எந்தப் பிணத்தின் படமும் யாருக்கும் தேவைப்படவில்லை.

கொடுப்பவர்கள் இதற்கு ஒத்துவர மாட்டார்கள், தாங்கள் பார்த்த பேரிடருக்குத்தான் தங்கள் பணம் போக வேண்டும் என்பார்கள் என்று தொண்டு நிறுவனங்கள் பல காலமாகச் சொல்லிவருகின்றன. 2005 ஜனவரி முதல் வாரத்தில், அலை அடித்துப் பத்து நாள்கூட முழுதாக ஆகாத நிலையில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு தங்கள் சுனாமிப் பணிக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது, இதற்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. மற்ற அமைப்புகள் கோபப்பட்டன. பொதுமக்களின் ஆர்வத்தைக் கெடுக்கிறார்கள் என்றன. அந்த அமைப்பு அதோடு நிற்காமல், ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு எழுதிக் கேட்டது: உங்கள் பணத்தை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா? திருப்பிக் கேட்டவர்கள் மிகச் சிலர். மிகப் பெரும்பாலோர் சரி என்றார்கள். சுனாமிக்கென்று வந்த பணம் அந்த ஆண்டு டார்ஃபூருக்கும் நைஜரின் பட்டினிக் குழந்தைகளுக்கும் போனது.